அம்மாள் வருத்தமென்று நான் நினைத்த கட்டி

இடது முழங்கைக்குக் கீழே அந்தக் கட்டி வந்தபோது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நோவில்லை, கடியில்லை. நாவற்பழ நிறத்தில் ஒரு பருப்பளவு. நுளம்பு கடித்ததென்று நினைத்து மஞ்சள் பூசினேன். ஒரு மாதத்தில் பாக்களவு ஆனது. வெளிநாட்டில், ரூஜ் என்ற ஊரில், நான் மகளோடு இருக்கிறேன். அவள் கண்டதும் குடும்ப டொக்ரரிடம் கூட்டிப்போனாள். அவர் தோல் டொக்ரரிடம் அனுப்பினார். அங்கே ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்குக் கொடுத்தார்கள்.

முடிவு சொல்லும் நாளில் லீவு எடுக்கிறேன் என்றாள் மகள்.

"நான் என்ன குழந்தைப்பிள்ளையே? கொண்டுபோய் இறக்கிவிடு. கதைச்சிட்டு வாறன்" என்றேன்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து கோடை, வான் வண்டியில் ஏறிப்போய், தோட்டங்களில் ஸ்ரோபெரி பிடுங்கியிருக்கிறேன். தோட்டக்காரனோடு இங்கிலிசில் சண்டையும் பிடித்திருக்கிறேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று தாதி கேட்டபோது நிமிர்ந்து இருந்து "நோ" என்றேன்.

டொக்ரர் ஒரு பெண். ஆறுதலாகத்தான் சொன்னார். கான்சர், வைரஸ், ஸ்கின், எல்லோருக்கும் பொது என்று நாலு சொல் பிடிபட்டது. மீதியை நானே நிரப்பிக்கொண்டேன்.

கான்சர் என்றது என்னைப் பயப்படுத்தவில்லை. எழுபத்தாறு வயதில் ஏதோ ஒன்று வரத்தானே வேண்டும். வைரஸ்தான் பயப்படுத்தியது. கான்சர் என்னோடு நிற்கும். வைரஸ் வீட்டில் உள்ளவர்களுக்கும் போகும். கொப்பளிப்பானும் சின்னமுத்தும் வைரஸ்தான் என்று வானொலியில் கேட்டிருக்கிறேன். அவை அம்மாள் வருத்தம், அம்மை நோய். அம்மாள் உடம்பில் நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மகளிடம், "சின்னக் கான்சராம். வெட்டினால் சரியாம்" என்று மட்டும் சொன்னேன். தனிக் கோப்பை, தனித் துவாய் எடுத்துக்கொண்டேன். குசினிக்குள் தாளிப்பதை நிறுத்தினேன். கை நோகுது என்று சமையலையும் விட்டேன். தமிழ்க்கடையில் வேப்பிலை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒப்பரேசனுக்குத் திகதி சொன்னபோது, "நெக்ஸ்ற் மன்த்" என்று மாற்றிவிட்டேன். கட்டி வாடட்டும், தலைக்குத் தண்ணி வார்க்கட்டும், அதற்குப் பிறகு கத்தி படலாம் என்பது என் கணக்கு.

கட்டி வாடவில்லை. பன்னிரண்டு நாளில் இன்னும் உயர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் மகள் படுக்கை விரிப்பை மாற்ற வந்தாள்.

"என்னம்மா உது? தலகாணிக்குக் கீழ வேப்பிலை? ஆருக்குக் கொப்பளிப்பான்?"

"எனக்குத்தான். உது வைரசாம்."

"கான்சர் எண்டெல்லோ சொன்னனீங்கள்!"

"ரெண்டும்தான்."

"அப்ப ஒப்பரேசன் திகதி?"

"அடுத்த மாசம் வாறன் எண்டு சொல்லிப்போட்டன். அம்மாள் நிக்கேக்க கத்தி படலாமே?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. விரிப்பைக் கையில் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து அதே டொக்ரரின் முன்னால் இருந்தோம். இம்முறை மேசையில் ஒரு ரெலிபோன். அதற்குள்ளிருந்து ஒரு தமிழ்ப்பிள்ளை மொழிபெயர்த்தாள்.

"அன்ரி, கேளுங்கோ. இந்த வைரஸ் அநேகமா எல்லாற்ர தோலிலயும் இருக்காம். சின்ன வயசிலயே வந்து ஒட்டியிடுமாம். ஒரு கரைச்சலும் குடுக்காதாம்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் குடுத்தது?"

"எப்பவாவது அருமையா ஒராளுக்கு, அது தோலில இருக்கிற ஒரு கலத்தின்ர மரபணு எழுத்துக்குள்ள போய்த் தன்ர எழுத்தைச் சொருகிப்போடுமாம். அதுக்குப் பிறகு அந்தக் கலத்துக்கு நிக்கத் தெரியாதாம். பெருகிக்கொண்டே போகுமாம். வெயிலும் வயசும் அதுக்கு உதவி செய்யுமாம். ஆனா ஏன் குறிப்பா நீங்கள் எண்டு தனக்குத் தெரியாதாம்."

தெரியாது என்று சொல்லும் டொக்ரரை எனக்குப் பிடித்தது.

"என்னட்டையிருந்து வீட்டில ஆருக்கும் தொத்துமோ எண்டு கேள் பிள்ளை."

டொக்ரர் கேள்வியைக் காதில் வாங்கிவிட்டுக் கையுறையைக் கழற்றினார். வெறுங்கையைக் கட்டியின் மேல் வைத்தார். பதில் வருமுன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"கான்சர் தொத்தாதாம் அன்ரி. வைரஸ் எண்டால் தன்ர தோலிலயும் இருக்குமாம். ஆனா இந்தக் கான்சர் கெதியாப் பரவுற சாமானாம். ஏன் திகதியை மாத்தினனீங்கள் எண்டு கேக்கிறா."

மகளுக்கு முன்னால் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பிறகு அந்தப் பிள்ளை இங்கிலிசில் நீளமாக ஏதோ விளங்கப்படுத்தினாள். டொக்ரர் சிரிக்காமல் கேட்டார்.

"எங்கட அம்மாவும் உப்பிடித்தான் செய்திருப்பா அன்ரி."

"உது டொக்ரர் சொன்னதோ?"

"இல்லை, நான் சொன்னது."

"டொக்ரர் சொல்லுறதை மட்டும் சொல்லு பிள்ளை" என்றேன். மகள் அப்போதுதான் சிரித்தாள்.

அந்தக் கிழமையே வெட்டினார்கள். கட்டியைச் சுற்றி நல்ல தசையையும் சேர்த்து எடுத்தார்கள். தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டினார்கள். அக்குளில் இருந்து நெறி கட்டுகிற முடிச்சு ஒன்றையும் சோதனைக்கு எடுத்தார்கள். அதற்குள் கான்சர் கொஞ்சம் போயிருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளுக்குள்தான் போனதா, முன்னரே போய்விட்டதா என்று மொழிபெயர்ப்பவள் மூலம் கேட்டேன். சொல்ல முடியாதென்றார் டொக்ரர். இன்னொருமுறை நான் கேட்கவில்லை.

பிறகு கதிர் வைக்கும் வைத்தியம். ஐந்து கிழமை, கிழமைக்கு ஐந்து நாள். மகள் வேலைக்குப் பிந்திப் போக அனுமதி வாங்கி, காலையில் என்னைக் காரில் கொண்டுபோனாள். வீட்டுக்கதை, வேலைக்கதை எல்லாம் கதைப்பாள். அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அது எனக்கு வரும். இது எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் கிழமை, சிவப்பு விளக்கில் கார் நின்றபோது சொன்னேன்.

"பிள்ளை, நான் பிழை விட்டிட்டன்."

இந்த வயதுவரை அவளிடம் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. அவள் றோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"நானும் அண்டைக்கு லீவு போட்டிருக்கவேணும்" என்றாள். பிறகு, "பெல்ற்றை வடிவாப் போடுங்கோ அம்மா."

வடிவாகத்தான் போட்டிருந்தேன். என்றாலும் கழற்றி, அவளுக்குக் கேட்கும்படி மறுபடி பூட்டினேன்.