சுபேதார் வளர்த்த பைன் கன்று

சாரல் விடாமல் பெய்த ஓர் ஆனி மாதக் காலையில்தான் சுபேதாரை முதலில் பார்த்தேன். தலை நனைய நின்றுகொண்டு, குடையை ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். குற்றாலத்து அருவிக்கும் மேலே, மலையிலிருந்த கிராம்புத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்து அன்று இரண்டாம் நாள். யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தகரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். ஈர மணல்தான் இருந்தது. "உள்ள வெதை கெடக்கு. தண்ணி கூடுனா அழுகிப் போவும்" என்றார், நான் கேட்காமலே.

சிவகிரிக்காரர். பட்டாளத்து லாரிப் பிரிவில் இருந்தவர், இத்தாலியில் காலில் குண்டுச் சில்லு பாய்ந்து ஊர் திரும்பியிருந்தார். தோட்டத்து நாற்றங்கால் அவர் பொறுப்பு. இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பார். ஆனாலும் பாத்திகளுக்கு நடுவே அவர் மிதித்து ஒரு நாற்று மடங்கி நான் கண்டதில்லை. கிராம்பையும் ஜாதிக்காயையும் கடமைக்காக வளர்த்தார். அந்தத் தகரத்தில் இருந்ததைத்தான் உயிரைக் கொடுத்து வளர்த்தார்.

அது பைன் விதை. இத்தாலியில் கடலோரமெல்லாம் நிற்கிற, உச்சியில் மட்டும் கிளை விரிந்த மரமாம். காய் மரத்தில் செதுக்கியது போலிருக்கும். உள்ளே புளியங்கொட்டை அளவில் ஓடு மூடிய விதைகள். பெட்டி நிறைய அதைத்தான் கொண்டு வந்திருந்தார். முதலில் சிவகிரியில் வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கிறார். முளைத்தவை சித்திரை வெயிலில் கருகிவிட்டன. குளிர்ச்சியான இடம் வேண்டும் என்றுதான் மலைக்கு வேலை தேடி வந்தாராம்.

ஆனால் மலையின் குளிர்ச்சி வேறு விதமாகக் கெடுத்தது. அந்த மரத்தின் ஊரில் குளிர்காலத்தில்தான் மழை, கோடை முழுக்க வறட்சி. இங்கே கோடை முடிந்ததும் சாரல் தொடங்கி மாதக்கணக்கில் தூறும். அந்த வருஷம் முளைத்த கன்றுகள் அடித்தண்டு கறுத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சுபேதார் அவற்றைப் பிடுங்கி எறிய மாட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, விரலால் மெல்ல மண்ணை மூடுவார்.

இவ்வளவு பாடு எதற்கென்று கேட்டபோது, தென்காசியில் ஒரு தாயைப் பற்றிச் சொன்னார். தறி நெய்யும் வீடு. அவள் மகன் இவருடைய பிரிவில் லாரி ஓட்டியவன். இத்தாலியில் செத்து அங்கேயே அடக்கமானவன். துக்கம் கேட்கப் போன இவரிடம் அவள் அழவில்லையாம். ஒன்றே ஒன்று கேட்டாளாம்: எம் பிள்ளை வெயில்லயா கெடக்கான்? இல்லை, மேலே மரம் இருக்கிறது என்றாராம் இவர். என்ன மரம் என்றாளாம். வேம்பா, புளியா, வாகையா? பைன் மரத்தை எப்படிச் சொல்லியும் அவளுக்கு விளங்கவைக்க முடியவில்லை. பெட்டியில் விதை இருக்கிறது, வளர்த்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகு தென்காசிக்குப் போகும்போதெல்லாம் அவளைப் பார்த்துக் கன்றின் நிலையைச் சொல்லிவிட்டு வருவார்.

மீந்த விதைகளை அடுத்த தை மாதத்தில் போட்டார். மண்ணில் பாதிக்கு மேல் ஆற்று மணல். மேலே ஓலைக் கூரை. தகரத்தின் அடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். இம்முறை ஐந்து கன்றுகள் சாரலைத் தாண்டின. தாண்டியும் வளரவில்லை. விரல் உயரத்தில் நின்று மஞ்சளாகிக்கொண்டே வந்தன. கிராம்பு நாற்று வாங்க வந்த கொடைக்கானல் தோட்டக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, பைன் வேருக்கு அதன் இனம் நின்ற மண்தான் சேரும், வெள்ளைக்காரர்கள் வைத்த பைன் தோப்பு எங்கள் ஊரில் இருக்கிறது, அதன் அடிமண் கொஞ்சம் போட்டுப் பாருங்கள் என்றார்.

மறுநாளே சுபேதார் ரயிலேறிவிட்டார். நான்கு நாள் கழித்துத் தென்காசி ஸ்டேஷனில் ஒரு சாக்கு மண்ணோடு இறங்கினார். அழைத்துவரப் போயிருந்த நான் அதைத் தூக்கி வண்டியில் வைத்தேன். வண்டி இலஞ்சி தாண்டியது. அவர் மாட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரைட்டரே, அவன் குழியை நான் பாக்கவே இல்ல. அவனை அடக்குத அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன மரத்துக் காய்தான் இதெல்லாம்."

சாக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அந்த மண் பலித்தது. சில மாதங்களில் கன்றுகள் பச்சை பிடித்தன. இரண்டு பட்டுப்போக, மூன்று நின்றன. இன்னும் ஒரு வருஷம் கழிந்து முழங்கால் உயரம் வந்ததும், ஒரு தை மாதத்தில் அந்தத் தாய்க்குச் சொல்லியனுப்பினார். ஆள் தூக்கிவரும் டோலி அனுப்புகிறோம் என்றோம், மறுத்துவிட்டாள். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டு, பாறைக்குப் பாறை உட்கார்ந்து எழுந்து, மலைப்பாதை முழுவதும் நடந்தே வந்து சேர்ந்தாள்.

சுபேதார் அவளைக் கன்றுக்கு முன்னால் நிறுத்தினார். இறந்தவன் அழைத்தது போலவே அவரும் அவளை உம்மா என்றுதான் அழைப்பார். அவள் குனிந்து ஊசி இலைகளைத் தடவினாள். அவருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"உம்மா, ஒரு பொய் சொல்லிட்டேன். அவன் கெடக்க எடத்தை நான் பாக்கல. அங்கன மரம் இருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியாது."

அவள் இலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "மரம் இல்ல தம்பி. நீ வாரதுக்கு முன்னாலயே சர்க்கார்ல இருந்து அவன் குழியோட படம் வந்துட்டு. வெறும் பொட்டல்தான்."

"பொறவு ஏன் உம்மா எங்கிட்ட கேட்டிய?"

"நீ பாத்தியா, இல்லியான்னு தெரிஞ்சுக்கத்தான். மரம் இருக்குன்னு நீ சொன்னதும் பாக்கலன்னு தெரிஞ்சிட்டு. என் மனசு நோவக்கூடாதுன்னு நீ சொல்லுதேன்னும் தெரிஞ்சிட்டு." பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "மூணு வருஷமா வந்து வந்து மரத்தைப் பத்தியே பேசுதே. எம் பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அவன் அங்கன என்ன தின்னான், யார்கூடச் சண்டை போட்டான், அதைச் சொல்லு. அதுக்குத்தான் ஏறி வந்தேன்."

சுபேதார் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார். அவன் முதல் முறை பனியைப் பார்த்தபோது உப்பு என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டதைச் சொன்னார். லாரிக்குப் பெண் பெயர் வைத்து, ஏட்டி என்று அதட்டி மேட்டில் ஏற்றியதைச் சொன்னார். ரொட்டி தொண்டையில் இறங்காமல், வீட்டில் சோற்றுக்கு ஊற்றும் புளியாணத்தை நினைத்து ஒரு நாள் அழுததைச் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். லாரி கதையில் வாயைத் துப்பட்டியால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் வாப்பாவும் தறியை அப்படித்தான் அதட்டுவார் என்றாள்.

அந்த மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறதாம். சாரல் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒல்லியாக வளர்ந்திருக்கிறது, இத்தாலிக்காரன் பார்த்தால் தன் ஊர் மரம் என்று ஒத்துக்கொள்ள மாட்டான் என்கிறார்கள். எனக்கு மரத்தைவிட அந்தப் பிற்பகல்தான் கண்ணில் நிற்கிறது. பொழுது சாய்கிறது, இறங்கலாம் என்று இரண்டு முறை போய்ச் சொன்னேன். இரண்டு முறையும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் அமர்த்திக் காட்டிவிட்டு, சுபேதாரிடம், "ம், பொறவு?" என்றாள்.