துரை சொன்ன ‘கம் கிளீன்’

‘கம் கிளீன்’ என்றால் என்ன? போன வாரம்வரை எனக்கும் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. தெரிந்தவன்போல அர்த்தம் சொன்னேனே... அதுதான் வம்பு.

ஆற்றோரச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணி. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் கோதுமை மாவு மூட்டைகள் மழையில் ஊறிக் கிடந்தன. ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னல் சாத்துவது மூட்டை தூக்கும் வேலுவின் பொறுப்பு. அவன் சாத்திவிட்டுத்தான் போனான். காற்றுக்காக மறுபடி திறந்தவன் நான். மூடாமல் வீட்டுக்குப் போனவனும் நானே.

சொன்னேனா? இல்லை. கூச்சம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் எங்கள் வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டார். “வேலுவிடம் சொல். நாளைக் காலை கம் கிளீன். இல்லாவிட்டால் வேலை போய்விடும்.”

வேலுவைப் பார்த்தேன். ஈர மூட்டைகளைச் சுமந்து தலையிலிருந்து கால்வரை மாவு. ஓ, அழுக்கைத்தான் சொல்கிறார்! ஜன்னலை மறந்துவிட்டார் என்று எனக்கு உள்ளூர நிம்மதி.

“வேலு, துரை உன்னைச் சுத்தமா வரச் சொல்றாரு. இல்லாட்டி வேலை கிடையாதாம்.”

“மூட்டை தூக்குறவன் எப்படிக் கிராணி சுத்தமா இருப்பான்? போட்டோ கீட்டோ எடுக்கப் போறாங்களா?”

மறுநாள் வேலு வந்தான் பாருங்கள்! தேக்கா கடைத்தெருவில் முடிவெட்டி, டோபி கடையில் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, முகம் நிறையப் பவுடர் பூசி...

“என்னா லா, பொண்ணு பாக்கப் போறியா?” என்று கூட்டாளிகள் சிரித்தார்கள்.

துரை சிரிக்கவில்லை. “நான் கேட்டது உண்மையை! குளியலை அல்ல!” என்று இங்கிலீஷில் கத்தினார். ஒளிக்காமல் உண்மையைச் சொல் — அதுதானாம் ‘கம் கிளீன்’.

“ஜன்னலைத் திறந்தது யாருன்னு கேக்கறாரு” என்றேன் வேலுவிடம்.

“முருகன் சத்தியமா நான் சாத்திட்டுத்தான் போனேன் கிராணி. நீங்களே சொல்லுங்க. மூணு புள்ளைங்க இருக்கு எனக்கு.”

“என்ன சொல்கிறான்?” என்றார் துரை.

“சார்... ஐ ஓப்பன். ஐ நோ குளோஸ். வேலு குட் மேன்.”

இலக்கணம் இருந்ததா? இல்லை. துரைக்குப் புரிந்தது. வேலுவை வேலைக்குப் போகச் சொன்னார். எனக்கு அரைமணி நேரம் திட்டு. அதில் பாதி எனக்குப் புரியவில்லை — நல்லவேளை.

ஒன்று மட்டும் தெளிவு. அரைகுறையாகத் தெரிந்த மொழியில், காது தனக்கு வசதியான அர்த்தத்தையே எடுத்துக்கொள்கிறது. அதுவும் மனதில் ஒரு ஜன்னல் திறந்து கிடந்தால்... கேட்கவே வேண்டாம்.

வெளியே வந்து வேலுவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜன்னலை மன்னித்துவிட்டான். என் இங்கிலீஷைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை!