அக்காவுக்கு வழி விடுங்க

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கை போகும், பிறகுதான் வாய் போகும். என் கணவர் அதற்கு நேர் எதிர். அவருக்குக் கோபம் வந்தால் எழுந்து வயலுக்குப் போய்விடுவார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் யார் மேலும் கை வைத்து நான் பார்த்ததில்லை. வயலில் மேயும் மாட்டைக்கூட விரட்ட மாட்டார், கெஞ்சுவார். அப்படிப்பட்ட மனிதர் காரைக்கால் கடற்கரையில் நடந்த மூன்று நாள் இசை விழாவுக்குக் கிளம்பினார் என்றால் அதற்கு ஒரே காரணம், மூன்றாம் நாள் தவில் இருந்தது.

தவில் என்றால் அவருக்கு உயிர். தினமும் சாப்பிட்டுவிட்டு வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, போனை இடது காதின் மேல் வைத்துத் தவில் கேட்டால்தான் தூக்கம் வரும். மற்றவர்கள் தாலாட்டில் தூங்குவார்கள், இவர் இடியில் தூங்குகிறவர் என்று நான் கேலி செய்வேன்.

எங்கள் ஊர் விழிதியூரிலிருந்து பைக்கில் போனோம். நான் பின்னால் ஒருபக்கமாக உட்காருவேன். அப்படி உட்கார்ந்தால் என் வாய்க்கு நேராக வருவது அவருடைய இடது காது. எங்கள் வீட்டுச் சண்டைகளில் முக்கால்வாசி அந்தக் காதோடு நடந்ததுதான். 'என்னங்க' என்று ஆரம்பித்து ஊர் போய்ச் சேரும்வரை விடமாட்டேன். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், வாயால் வராது. ஆபீஸில் சின்னப் பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முதல் நாள் மாலை நாங்கள் போனபோதே திடல் நிரம்பிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். பாதிப் பேர் பாட்டுக்கு வந்தவர்கள். மீதிப் பேர் எங்கள் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைப்பதைக் குடிக்க வந்து, வந்த இடத்தில் பாட்டும் இருக்கிறதே என்று நின்றவர்கள். மேடையின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கரை மாடிவீட்டு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். முதல் அடி விழுந்ததும் நெஞ்சுக்குள் யாரோ குத்தினார்கள். அந்தச் சத்தம் காதில் விழவில்லை, எலும்பில் விழுந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதன் வாய் திறந்திருந்தது தெரிந்ததே தவிர அழுகை கேட்கவில்லை.

எனக்கு அது பிடித்திருந்தது. நாள் முழுக்க ஆபீஸில் "சரிங்க சார்" சொல்கிற உடம்புக்கு அப்படி ஓர் அடி தேவைப்பட்டது.

இருட்டியதும் பனி இறங்கியது. தலையில் பனி பட்டால் எனக்கு மறுநாள் மூக்கடைப்பும் மண்டைக்குத்தும் நிச்சயம். அதனால் எங்கே போனாலும் அவர் பையில் ஒரு ஸ்கார்ஃப் இருக்கும். சொல்லிவிட்டுத் தரமாட்டார். பின்னாலிருந்து வந்து, சத்தமில்லாமல் தலையில் போர்த்தி, கழுத்தருகே ஒரு முடிச்சும் போட்டுவிடுவார். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப்போட, "ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று கத்துவேன். ஒவ்வொரு தடவையும் அவர் சிரிப்பார். அன்றைக்கும் அப்படித்தான் போர்த்திவிட்டு டீ வாங்கப் போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் என் இடுப்பை ஒரு கை கிள்ளியது. தெரியாமல் பட்ட கை இல்லை அது. கிள்ளிவிட்டு அங்கேயே நின்றது. முதலில் அந்த மணிக்கட்டைப் பிடித்தேன், பிறகு திரும்பினேன், பிறகு அறைந்தேன். என் வளையல் உடைந்து அவன் கன்னத்தைக் கிழித்தது. இன்னொன்று விட்டதில் உதடு கிழிந்தது. அதற்குள் சுற்றியிருந்த பையன்கள் திரும்பிவிட்டார்கள்.

"அக்கா, நீங்க ஒதுங்குங்க. நாங்க பாத்துக்கறோம்!"

பார்த்துக்கொண்டார்கள். வயிற்றில் உதைத்தார்கள். முடியைப் பிடித்து முகத்தை மணலில் தேய்த்தார்கள். அவன் பல் ஒன்று விழுந்தது. ஒருவன் அவன் விரல்களைச் செருப்புக் காலால் மிதித்தபடியே மேடைப் பாட்டுக்கு ஆடினான். நான் நின்று பார்த்தேன். நன்றாக வாங்கட்டும் என்றுதான் இருந்தது.

டீயோடு வந்த என் கணவர் இரண்டு கப்பையும் கீழே போட்டுவிட்டு உள்ளே புகுந்தார். "போதும்ப்பா, செத்துடப் போறான், விடுங்க" என்று அவன் மேல் குனிந்து, தன் முதுகில் நாலைந்து அடி வாங்கிக்கொண்டு அவனை வெளியே இழுத்துக் காவலர்களிடம் ஒப்படைத்தார்.

வீடு திரும்பும்போது அந்த இடது காதை நான் விட்டுவைக்கவில்லை. "பொண்டாட்டியக் கிள்ளினவன முதுகு குடுத்துக் காப்பாத்திட்டு வர்றீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"நீ அடிச்ச, அது நியாயம். மத்தவனுங்க உனக்காகவா அடிச்சானுங்க? அவனுங்களுக்கு இன்னைக்கி எவனையாவது அடிக்கணும், அவ்ளோதான்" என்றார்.

கிள்ளியவனுக்காக எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. ஆனால் என் கணவர் சொன்ன அந்த வார்த்தையை அன்றே காதில் வாங்கியிருக்கலாம்.

இரண்டாம் நாள் போனபோது மேடைக்கு இடது பக்கம் சவுக்குக் கம்புகளை நட்டுக் கயிறு கட்டிப் பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆண்கள் கயிற்றைத் தாண்டக் கூடாது என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முதல் நாள் பையன்கள் என்னைப் பார்த்ததும் "அடிச்ச அக்கா வந்துட்டாங்க" என்று கும்பிடு போட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்றைக்கு ஆண்கள் பக்கம் துண்டு போட்டுப் பிடித்துவைத்த நாற்காலிக்காகச் சண்டை மூண்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் தலைக்கு மேல் பறந்தன. ஒருவன் மண்டை உடைந்து, சட்டையெல்லாம் ரத்தத்தோடு நின்று அடுத்த பாட்டுக்குக் கை தட்டினான். என் கணவர் முழங்கையில் சிராய்ப்போடு வந்து சேர்ந்தார்.

"நாளைக்கி வேணாம்ங்க" என்றேன்.

"நாளைக்கித்தான தவிலு" என்றார்.

மூன்றாம் நாள் எங்கள் ஆபீஸ் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி சேலையில் வருவதாகப் பேச்சு. கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. கயிற்றுக்கு உள்ளே நுழைந்தால் அங்கே இன்னொரு கூட்டம் அதே கத்தரிப்பூ, அதே மஞ்சள் கரையில் உட்கார்ந்திருக்கிறது! பிரான்ஸிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த குடும்பமாம். கடைக்காரர் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். சிரித்துச் சிரித்து எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம். அவர்களில் ஒரு பெண்மணி என் உயரம், என் உடம்பு, என்னைப் போலவே கொண்டை. "ரெட்டைப் புள்ளைங்க மாதிரி இருக்கோம்ங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வரிசையின் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். என்னை அங்கே உட்காரவைத்த பிறகுதான் என் கணவர் ஆண்கள் பக்கம் போனார். ஸ்கார்ஃப் அவர் பையில் இருந்தது.

தவில் ஆரம்பித்தது. மேடை முழுக்கத் தவில்காரர்கள். திடல் விளக்குகளை அணைத்துவிட்டு மேடையில் மட்டும் சிவப்பு விளக்கை விட்டு விட்டு எரியவிட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் நாற்காலியில் யாரோ கால் நீட்டிக்கொண்டார்கள். ஓரத்தில் இப்போது கத்தரிப்பூச் சேலையோடு அந்தப் பெண்மணி மட்டும் இருந்தார்.

பின்னால் நடந்தது எனக்குக் கேட்கவில்லை. தலைகள் திரும்புவதைப் பார்த்தேன். சவுக்குக் கம்புகள் சாய்ந்தன. ஆண்கள் கயிற்றை மிதித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் என் காதில் வாயை வைத்துக் கத்தினாள்: "ஒருத்தன் உள்ள பூந்து ஒரு அக்கா மூஞ்சில துணியப் போட்டு அமுக்கிட்டானாம்!"

முதலில் என் கைதான் துறுதுறுத்தது. ஒரு நிமிடம் கழித்துத்தான் அந்தத் துணி மண்டையில் ஏறியது.

"என்ன துணி?"

"ஏதோ ஸ்கார்ஃபாம்."

ஓடினேன். கூட்டம் சுவராக நின்றது. முழங்கையால் இடித்தேன், முடியைப் பிடித்து இழுத்தேன். அதில் ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "டேய், மொத நாள் அடிச்ச அக்காடா! அக்காவுக்கு வழி விடுங்கடா!" என்று கத்தினான். உடனே வழி பிறந்தது. நான் அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கினார்கள். ஒருவன் என் கையில் உடைந்த நாற்காலிக் காலைத் திணித்தான். "அடிங்கக்கா!"

என் கணவர் மணலில் சுருண்டு கிடந்தார். இரண்டு முழங்கையாலும் தலையை மூடியிருந்தார். முதுகில், விலாவில், தொடையில் கால்கள் விழுந்துகொண்டிருந்தன. சட்டை கிழிந்து முதுகுத் தோல் தெரிந்தது. அவர் கத்தவில்லை. ஒவ்வொரு உதைக்கும் உடம்பு மட்டும் துள்ளியது.

"இவரு என் வீட்டுக்காரரு! என் வீட்டுக்காரரு!" என்று கத்தினேன். தவில் என் குரலை அப்படியே விழுங்கிவிட்டது. "என்னங்க! என்னங்க!" என்றேன். அந்தத் திடலில் பாதிப் பெண்களுக்கு அவரவர் புருஷன் என்னங்கதான். யார் திரும்புவார்கள்?

அப்போது பேர் வந்தது. நான் வரவழைக்கவில்லை, அதுவாக வந்தது. அடிவயிற்றிலிருந்து அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். சரியாக அந்த நேரம் தவில் ஒரு சுற்றை முடித்து நின்றது. திடலே சத்தமில்லாமல் இருந்த அந்த ஒரு மூச்சு நேரத்தில் என் குரல் மட்டும் இருந்தது.

அவருக்குக் கேட்டுவிட்டது. காதை மூடியிருந்த கையை எடுத்தார். தலையைத் தூக்கி, யார் என்று தேடினார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வலி இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. நாற்காலி இடது பக்கத்திலிருந்து வந்தது. அதன் விளிம்பு அவர் காதில் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த சுற்றுத் தவில் அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

நான் அவர் மேல் விழுந்தேன். என் முதுகில் இரண்டு உதை விழுந்தது. ஒரு கையைக் கடித்தேன், சதை பிய்ந்து வாயில் உப்புக் கரித்தது. எழுந்து, கையில் இருந்த நாற்காலிக் காலால் எதிரில் நின்றவர்களையெல்லாம் விளாசினேன். யார் உதைத்தவன், யார் வேடிக்கை பார்த்தவன் என்று பார்க்கவில்லை. பிறகு உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு விளங்கியது. "தெரியாதுக்கா..." என்றான் எனக்கு நாற்காலிக் கால் கொடுத்தவன். சொல்லிவிட்டு ஓடினான். எல்லாருமே ஓடினார்கள். அந்தக் காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் வந்துகொண்டே இருந்தது. ஸ்கார்ஃபைத் தேடி எடுத்து அதை வைத்துத்தான் அழுத்திப் பிடித்தேன். மேடையில் தவில் நிற்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மென்று விழுங்காமல் சொல்லிவிட்டார். கிழிந்தது செவிப்பறை மட்டுமில்லை, உள்ளேயும் சேதம். அந்தக் காது இனி வராது. பிரான்ஸ் பெண்மணி ஆப்பிள் பையோடு வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பின்னாலேருந்து மூஞ்சில துணி விழுந்ததும் பயந்துட்டேங்க. என்ன நீங்கன்னு நெனச்சிருக்காருங்க." அந்தப் பெண்மணி மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன். கத்துவதற்கு முன்னால் கடித்திருப்பேன்.

அவர் போன பிறகு என் கணவர் தலைக்கட்டோடு என் பக்கம் திரும்பினார்.

"என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டது நீதான?"

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "நீங்க எதுக்குத் தலையத் தூக்குனீங்க? மூடிக்கிட்டே கெடந்திருக்கலாம்ல?" என்று கத்தினேன். நர்ஸ் வந்து என்னை அதட்டிவிட்டுப் போனார்.

"நீ கூப்பிட்டியே" என்றார். இடது பக்கத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இந்தக் காதுல கடைசியா விழுந்தது அதுதான். அதுக்கப்புறம் ஒண்ணும் விழல."

நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் குத்தினேன். விரல் முட்டி வீங்கிப் பல நாள் பேனா பிடிக்க முடியவில்லை.

இப்போது அவர் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, போனை வலது காதில் வைத்துத் தூங்குகிறார். தவிலேதான். எனக்குத்தான் அந்தச் சத்தம் கேட்டால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பைக்கை விடவில்லை. மாதம் ஒரு தடவை பூவத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போகிறோம். நான் பழையபடிதான் ஒருபக்கமாக உட்காருகிறேன், வாய்க்கு நேராக அதே காது. சண்டையையெல்லாம் இப்போது வீட்டிலேயே முடித்துக்கொள்கிறோம்.

போன தடவை வழியில் காற்று நன்றாக அடித்தது. கொஞ்சம் முன்னால் சாய்ந்து அந்தக் காதில் அவர் பேரைச் சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன். அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு பக்கக் கண்ணாடியில் என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. வேகத்தைக் குறைத்துத் தலையை வலது பக்கமாகத் திருப்பி, "என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.