செருப்பில்லை, சப்பாத்து

மங்கை அக்கா போய்விட்டார். இன்று காலை சிட்னியிலிருந்து அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள்... இன்னும் அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது.

எழுபதுகளில் மெல்பேர்னில் ஒரு மியூசியத்தின் பின்பக்க வேர்க்‌ஷொப்பில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வேலை செய்தோம். ரோம சாம்ராச்சியம் சரிந்த காலத்தில் காலை மூடிப் போட்ட தோல் சப்பாத்துகளையும், அதற்குப் பிந்திய காலத்தவற்றையும் அதே மாதிரி திரும்பச் செய்கிற வேலை. மண்ணுக்குள் கிடைத்த துண்டுகளைப் பார்த்து நான் வரைவேன், அக்கா தோலை வெட்டித் தைப்பார்.

சிலவற்றை உட்புறம் வெளியே தெரியத் தைத்து, நனைத்து, பிறகு புரட்டி எடுக்க வேண்டும். தோல் லேசில் புரளாது. அக்கா அதை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, தடியை விட்டுக் குத்துவார். "வாடா நாயே, வெளியிலை வாடா!"

யாரைத் திட்டுகிறார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் கணவர். "மாட்டுத்தோல் தொட்ட கையாலையோ எனக்குச் சோறு போடுறாய்? எங்கடை ஆக்கள் செய்யிற வேலையோ இது?" கேள்வி முடிய முன்னமே அடி விழும். ஜனவரி வெயிலிலும் அக்கா முழுக்கைச் சட்டையோடு வருவார்.

ஒருநாள் ஒரு சோடி ரோமச் சப்பாத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். அடிப்பக்கம் முழுக்க இரும்பு ஆணி. அந்த ஆள் ஒன்றைக் குசினிக் கத்தியால் கிழித்தெறிந்தார். பிறகு அக்காவின் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து அடித்துச் சாத்தினார்... விரல் முறிந்த சத்தம் தனக்கே கேட்டதாம்.

இடது கையில் அகப்பட்டது மற்றச் சப்பாத்து. ஓங்கி ஒரே அடி. இல்லை, பல அடி. தாடை உடைந்தது. கன்னத்தில் ஆணி வரிசை அப்படியே பதிந்திருந்தது.

எனக்குச் சந்தோசம். இன்றும் சந்தோசம்தான்.

அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு என்னுடைய பிளாட்டுக்கு வந்தார். அந்த ஞாயிறே சமாதானம் பேச ஆட்களும் வந்தார்கள். ஒரு அங்கிள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

"பிள்ளை, புருசனைச் செருப்பாலை அடிச்சுப்போட்டாய். திரும்பிப் போய் அவரின்ரை காலிலை விழு."

அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "அங்கிள், செருப்பில்லை, சப்பாத்து. செருப்பாலை அடிக்கிறது அவமானப்படுத்த. நான் கொல்லத்தான் அடிச்சனான்."

அங்கிள் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். அக்கா திரும்பிப் போகவேயில்லை. மகளோடு சிட்னியில் பென்டில் ஹில்லில் குடியேறினார்.

ஆனால் சனத்தின் வாயில் கடைசிவரை "புருசனைச் செருப்பாலை அடிச்சவள்"தான். இன்று பேஸ்புக்கில் ஆர்ஐபி போடுகிற சிலரும் அப்படிச் சொன்னவர்கள்... பெயர் சொல்லட்டுமா?

இப்போது மகளுக்குச் சொந்தக்காரர்கள் போனுக்கு மேல் போன். அந்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறாராம். அதனால் அக்காவைக் கூறைச்சேலை உடுத்தி, பொட்டு வைத்து, சுமங்கலியாக அனுப்ப வேண்டுமாம். அவர் வந்து சவப்பெட்டியடியில் நிற்க வேண்டுமாம்.

"அன்ரி, நான் என்ன சொல்ல?" என்று மகள் கேட்டாள்.

வரச் சொல்லு என்றேன். வாசலில் நான் நிற்பேன். எனக்கு முழங்கால்தான் சரியில்லை, கை நன்றாக ஓங்கும்.

ஆறுதலாய்ப் போங்கோ அக்கா. அந்த ஆள் உங்களுக்குக் கிட்ட வரமாட்டார்.