தங்கமுத்துவின் மூன்றாம் சரணம்

மாட்டுக்குப் பாட்டு எழுதுகிற மனிதர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். புதுக்கோட்டைப் பக்கம் யாரும் சிரிக்க மாட்டார்கள். தை பிறந்தால் வைகாசி முடிகிறவரை இங்கே ஏதாவது ஓர் ஊரில் வாடிவாசல் திறந்தபடிதான் இருக்கும். காளை வளர்க்கிற பையன்கள் தங்கள் காளைக்கென்று தனியாகப் பாட்டு எழுதி வாங்கி, டவுனில் ஸ்டுடியோ பிடித்துப் பாட வைத்து, யூடியூபில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். சொந்தக் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். அந்தப் பாட்டுகளில் பாதிக்கு மேல் எழுதியவர் வல்லத்திராக்கோட்டை தங்கமுத்து.

இருபது வருஷம் வாடிவாசல் மேடையில் மைக் பிடித்த தொண்டை அவருடையது. எந்த மாடு எந்த ஊர், வளர்த்தவன் யார், போன வருஷம் யாரைத் தூக்கி எறிந்தது எல்லாம் அத்துப்படி. தொண்டை கட்டிப்போன பிறகு மைக்கை விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தார். கடலைக் கொல்லையில் மோட்டார் ஓடுகிற நேரத்தில், வரப்பில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுவார். ஒரு பாட்டுக்கு மூன்று சரணம். முதலாவதில் காளையின் நிறம், கொம்பு, திமில். இரண்டாவதில் வளர்த்தவன் பெருமை. மூன்றாவதில்தான் மனிதருக்குக் கிறுக்குப் பிடிக்கும்.

*வாடி தாண்டி வாரான் பாரு வல்லத்திராக்கோட்டைக் காரி*
*கொல்லையில கருவேப்பிலை நிக்குது கூரை மேல ஏறி*

காரிக் காளைக்கும் கருவேப்பிலைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பயல் கேட்டதில்லை. எதுகை நன்றாக இருக்கிறது, தாளம் இடிக்கவில்லை, ஆடுவதற்கு அது போதும். கேட்டவள் கலைமதி ஒருத்திதான்.

கலைமதி டவுன் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். பாட்டு எழுதுகிறவரின் வாழ்க்கை பாட்டுக்குள் எப்படி வந்து இறங்குகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. தங்கமுத்துவின் பாட்டுகள் நாற்பத்து மூன்றையும் கேட்டு எழுதி, தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு, ஆவணி மாதத்தில் ஒருநாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். இன்னும் ஆறு மாதத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும் என்ற கலவரம் அவள் முகத்திலேயே தெரிந்தது.

"ஐயா, அஞ்சு வருஷத்துக்கு முந்தின பாட்டுல எல்லாம் மூணாவது சரணத்துலயும் மாடுதான் வருது. அதுக்கப்புறம் வந்த ஒவ்வொண்ணுலயும் ஒரு வரி வீட்டு சேதியா இருக்கு. கருவேப்பிலை வளந்துருச்சு, கெணத்துல தண்ணி வந்துருச்சு, அத்தை மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு. இத யாருக்குச் சொல்றீங்க?"

 ஐந்து வருஷமாக யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்றும் தங்கமுத்துவுக்கு இருந்தது, கேட்டுவிட்டாளே என்றும் இருந்தது. செம்பில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"எம் மகனுக்கும்மா."

மகன் அரவிந்த்குமார். படிப்பு ஏறவில்லை, மாடு ஏறியது. ராசு என்று ஒரு மயிலைக் காளையைக் கன்றிலிருந்து வளர்த்தான். அது உட்காராமல் இவன் உட்கார மாட்டான். இப்படியே மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்தால் எவன் பெண் கொடுப்பான் என்று தங்கமுத்துதான் பிடிவாதமாகத் துபாய்க்கு விசா வாங்கி அனுப்பினார். அனுப்பிய மறுமாதமே ராசுவை மணப்பாறைப் பக்கம் ஒருவருக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டார். மாடு இருந்தால் பையன் திரும்பி ஓடிவந்துவிடுவான் என்று அப்பன் போட்ட கணக்கு அது. சேதி தெரிந்த அன்றோடு மகன் அப்பனிடம் பேச்சை நிறுத்திவிட்டான்.

ஆத்தாள் பிச்சையம்மாளிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். கம்பெனியில் சம்பளமும் இல்லை, பாஸ்போர்ட்டும் கையில் இல்லை என்று அங்கிருந்து ஓடிப்போய் வேறெங்கோ வேலை பார்த்தான். ஒவ்வொரு போனிலும் பிச்சையம்மாள் அழுதாள், எப்போதடா வருவாய் என்று. ஒருநாள், "ஆத்தா, நீ அழுகுறதக் கேக்க முடியல. வாரதுக்குத் தேதி தெரிஞ்சாத்தான் இனிமே பேசுவேன்" என்று சொல்லி வைத்தவன்தான். ஆறு வருஷம் ஆயிற்று.

கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார்கள். தூதரகத்துக்கு எழுதினார்கள். துபாயிலிருந்து லீவில் வருகிற ஆள் யாராக இருந்தாலும், அவர் வீட்டு வாசலில் பிச்சையம்மாள் போட்டோவோடு போய் நின்றாள். கடைசியில் அறந்தாங்கி ராமு என்பவர்தான் பார்த்ததாகச் சொன்னார். ஒரு காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான், ஆள் இளைத்துவிட்டான், சாப்பாட்டு நேரத்தில் போனில் ஜல்லிக்கட்டு வீடியோதான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றார். மறுவாரம் விசாரித்தால் அங்கிருந்தும் போய்விட்டானாம்.

"மாட்டு வீடியோ பாக்குறான்ல, அப்ப ஒங்க பாட்டக் கேப்பான்ல. பாட்டுலயே சொல்லி விடுங்க" என்று பிச்சையம்மாள்தான் வழி சொன்னாள். அன்றிலிருந்து மூன்றாவது சரணம் அவளுடையது. அவள் சேதி சொல்வாள், இவர் எதுகை போடுவார்.

கலைமதி எழுதிக்கொண்டே வந்தவள், நிமிர்ந்து சுவரைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அங்கே பிச்சையம்மாளின் படம் மாலையோடு இருந்தது.

"அம்மா எப்ப ஐயா..?"

"பதினாலு மாசமாச்சு. மஞ்சக்காமாலை."

அவள் நோட்டைப் பின்னுக்குப் புரட்டினாள். போன மாதம் வந்த செவலைக் காளைப் பாட்டு.

*திமிலப் புடிக்கத் தெம்பிருந்தா தெக்குத் திசையில வாடா*
*தெனமும் ஒனக்கு ஒலையேத்தி ஆத்தா இருக்கா வாடா*

அவள் அந்த வரியையும் சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெண் அப்படிப் பார்த்ததில்தான் தங்கமுத்துவுக்கு உடைந்தது.

"எனக்காக அவன் வரமாட்டாம்மா. அவளுக்காகத்தான் வருவான். அவ இல்லேன்னு தெரிஞ்சா இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்க மாட்டான். பெத்த மகன் இருக்கயில கொள்ளிய நான் வச்சேன், அத எப்பிடிப் பாட்டுல சொல்றது? வந்து வாசல்ல நிக்கட்டும், என் வாயால சொல்லிக்கிறேன். அடிச்சான்னாலும் வாங்கிக்கிறேன். மகனத் தேடுறேன்னு ஊரு ஒலகத்துக்கே சொல்லுங்க. இது ஒண்ண மட்டும் சொல்லிராதீங்க."

கலைமதி சத்தியம் மாதிரி தலையாட்டினாள். புறப்படும்போது இன்னும் ஒன்று கேட்டாள். "எல்லாப் பாட்டுலயும் ஆத்தா வாராங்க, ஊரு வருது. அப்பா ஒரு வரியிலகூட இல்லையே?"

"அவர உள்ள விட்டா பாட்டு கெட்டுப்போகும்மா" என்றார் தங்கமுத்து. சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை.

ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அடுப்படிச் சுவரெல்லாம் கரி. நடு அறைச் சுவர் ஒன்றுதான் பிச்சையம்மாள் காரியத்துக்கு முன்னால் வெள்ளையடித்தது. ஜன்னல் வெளிச்சமும் அங்கேதான் விழுந்தது. ஒயர் நாற்காலியைத் தங்கமுத்துவே அந்தச் சுவரோரம் இழுத்துப் போட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காலேஜிலிருந்து ஆள் வருகிறதென்று காலையிலேயே சாமந்தி வாங்கிவந்து பிச்சையம்மாள் படத்துக்குப் புது மாலை போட்டு, பொட்டும் வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவளைப் பளிச்சென்று வைத்துக்கொள்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

கார்த்திகையில் கல்லூரிக் கருத்தரங்கில் கலைமதி பேசினாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். "அந்தத் தாய் இன்றும் உலை வைத்துக் காத்திருக்கிறார்" என்று மேடையில் நின்று கூசாமல் சொன்னாள். அதைச் சொல்லும்போது பின்னால் திரையில் தங்கமுத்துவின் படம் பெரிதாக நின்றது. கல்லூரியில் பேச்சு முழுவதையும் யூடியூபில் ஏற்றினார்கள். அதிலிருந்து நாலு நிமிஷத்தை வெட்டி எடுத்து எவனோ ஒரு மாட்டுக்காரன் காளைக் குரூப்புகளில் போட்டான். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. தங்கமுத்துவின் எந்தப் பாட்டும் ஒரு லட்சத்தைத் தொட்டதில்லை. இந்த வீடியோ பத்தே நாளில் நாலு லட்சம் பேரிடம் போனது.

தங்கமுத்து சொக்கிப்போனார். விராலிமலை ரகுநாத் தன் காளைக்குப் பாட்டுக் கேட்டு வந்தபோது, பாட்டைப் பற்றிப் பேசாமல் வீடியோவைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். "நாலு லட்சம் பேருல அவன் ஒருத்தன் இல்லாமயா போவான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ரகுநாத் போனைப் பார்த்தான், பிறகு தங்கமுத்துவைப் பார்த்தான், மாட்டுக்குத் தீவனம் வாங்கணும் என்று எழுந்து போய்விட்டான்.

கீழே ஆயிரக்கணக்கில் கமெண்ட். பாதி இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததால் அவருக்குப் படிக்க வராது. கைகூப்பும் படமும் கண்ணீர்ப் படமும் வரிசையாக வந்ததைப் பார்த்து, தன்மேல் ஊர் இவ்வளவு இரக்கப்படுகிறதே என்று நெகிழ்ந்து போனார். எழுபது தடவையாவது அந்த வீடியோவைப் பார்த்திருப்பார். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கையைப் பார்த்தார். தன் தலைக்கு மேலே இருந்ததைப் பார்க்கவில்லை.

மார்கழி எட்டாம் தேதி, உச்சி வெயிலில், கொல்லையில் மடை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நம்பர் நீளமாக இருந்தது. சேற்றுக் கையை வேட்டியில்கூடத் துடைக்காமல் எடுத்தார்.

"அப்பா."

அந்த ஒரு சொல்லுக்கு ஆறு வருஷத்துக்கு மேல். மண்வெட்டி எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. "அய்யா அரவிந்து, எங்கய்யா இருக்க? நல்லா இருக்கியாய்யா?" என்று ஒரே மூச்சில் கேட்டார்.

"ஒங்க பாட்டு எல்லாத்தையும் கேட்டேன். ஒண்ணு விடல." குரல் தடித்திருந்தது, ஆனால் அவன்தான். "இங்க கவர்மெண்டுல பொது மன்னிப்பு குடுத்தாங்க, ஊருக்கு வாரதுக்குக் காகிதம் கையில வந்துருச்சு. தை மூணாந்தேதி பிளைட்டு. தேதி தெரிஞ்சிருச்சுன்னு ஆத்தாகிட்டச் சொல்லணும்னு போன எடுத்தேன். அந்நேரம் கூட்டாளி ஒருத்தன் அந்த வீடியோவக் காட்டுனான்."

தங்கமுத்துவுக்கு இன்னும் விளங்கவில்லை. "பாத்தியாய்யா? நல்லாப் பேசுச்சுல்ல அந்தப் புள்ள?"

"அப்பா, ஆத்தா படத்துக்கு எதுக்கு மாலை போட்ருக்கு?"

மடை உடைத்துக்கொண்டு தண்ணீர் அதன் பாட்டுக்கு அடுத்த பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது. தங்கமுத்து வாயைத் திறந்தார். மைக் பிடித்து இருபது வருஷம், எழுதிய பாட்டு நாற்பத்து மூன்று, ஒரு சொல் உதவிக்கு வரவில்லை. உயிரோடிருக்கிற மனுஷிக்கு இந்த நாட்டில் எவனாவது மாலை போட்டுச் சுவரில் மாட்டுவானா? அது தெரியாமலா பெற்ற பிள்ளை கேட்கிறான்?

"எப்ப?" என்றான்.

"போன வருஷம் ஆனி."

"அதுக்கப்புறம் ஒம்போது பாட்டு. ஒம்போதுலயும் ஆத்தா எனக்குச் சோறு வடிச்சிச்சு."

"நீ வரணும்னுதான்யா…"

"கொள்ளி வச்சது யாரு?"

"நாந்தான்யா."

அந்தப் பக்கம் அழுகிற சத்தமாவது கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். லாரியில் சாமான் ஏற்றுகிற சத்தமும், யாரோ வேற்று பாஷையில் கத்துகிற சத்தமும்தான் கேட்டது. "இனிமே யாரப் பாக்க நான் அங்கிட்டு வரணும்?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. தங்கமுத்துவுக்குப் பதில் தெரியும், நெஞ்சு வரைக்கும் வந்தது, அதைச் சொல்ல வாய்தான் கூசியது. அவர் தொண்டையைச் செருமுவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. திருப்பி அடித்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. சாயங்காலம் வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தார்.

சேதி கேள்விப்பட்டு, தன்னால்தான் என்று கலைமதி மறுநாள் ஓடிவந்து அழுதாள். வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டேன் என்றாள். "நாற்காலிய இழுத்துப் போட்டது நான்தானம்மா" என்றார். அதற்கு மேல் அவளிடம் பேச அவருக்குத் தெம்பில்லை.

நாலு நாள் கழித்து ரகுநாத்துக்குப் பாட்டைக் கொடுத்தார். அவன் ஸ்டுடியோவிலிருந்தே போன் செய்தான்.

"அண்ணே, ரெண்டு சரணம் பட்டையக் கெளப்புது. மூணாவது என்னண்ணே இது?" தயங்கித் தயங்கிப் படித்தான்.

*வாடி தொறந்து பாத்தா அங்க வழி மறிக்க யாருமில்ல*
*கொள்ளி வச்ச அப்பன் மட்டும் இருக்கேன், வேற யாருமில்ல*

"பொங்கச் சீசனுக்கு எறங்குற பாட்டுண்ணே. மாட்டுக்கு முன்னால கொள்ளிய வச்சா பயலுக சண்டைக்கு வருவாய்ங்க. அந்த ஒரு வரிய மட்டும் மாத்திக்குவமா?"

"மாத்தாத ரகுநாத்து. ஒன் கால்ல வேணாலும் விழுகுறேன், மாத்தாத."

அந்த வரியை ரகுநாத் இன்னொரு தடவை தனக்குள் படித்துக்கொண்டது போனில் கேட்டது. சரிண்ணே என்றான்.

"எப்ப ஏத்துவீங்க?"

"தை பொறந்து ஒரு வாரத்துல ஏத்திருவோம்ணே."

"ரெண்டாந்தேதிக்குள்ள ஏத்திருப்பா" என்றார் தங்கமுத்து. "மூணாந்தேதி பிளைட்டு."