நாலு ஜி.பி. அளவுச்சீட்டு

பதினெட்டு வருஷமாக வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள் அந்தத் தையல்காரம்மா. அவள் தைத்த சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. எடுத்த அளவுக்கே துணியை வெட்டமாட்டாள். தையலுக்கு இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டுத்தான் கத்தரிக்கோலையே வைப்பாள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்த்தது.

போன மாதம், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் சிட்டு வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, தோட்டம் போடுற கேம் ஒண்ணு இருக்கு. நம்ம கம்ப்யூட்டர்ல ஓடுமான்னு பாரேன். நீயும் நானும் சேர்ந்து விளையாடலாம்."

பெற்றவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கேமுக்கு என்னென்ன தேவை என்று பார்த்து, அளவுச்சீட்டில் குறித்தாள். மெமரி குறைந்தபட்சம் நான்கு ஜி.பி. பிறகு கம்ப்யூட்டரின் செட்டிங்ஸைத் திறந்தாள். அதிலும் நான்கு. முகம் சுருங்கிவிட்டது. நான்குக்கு நான்கு என்றால் தையலுக்கு எங்கே விடுவது? சீட்டில் 'பத்தாது' என்று எழுதி ஆணியில் குத்தினாள். போட்டுப் பார்க்கக்கூட இல்லை, மகராசி!

சிட்டு நேராக அடுத்த தெருவிலிருந்த அத்தையிடம் போய் நின்றாள். அன்று முதல், பள்ளி விட்டதும் பையை வீசிவிட்டு அங்கேதான் ஓட்டம். திரும்பி வந்தால் வாய் நிறைய அத்தை. அத்தை தக்காளி நட்டாங்க, அத்தை வேலி போட்டாங்க, அத்தைக்கு என்ன வேகம் தெரியுமா! கேட்கக் கேட்கத் தையல்காரம்மாவுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைப்பானேன்? நாத்தனாரிடம் பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது, அதைக் காட்டிப் பிள்ளையை மயக்குகிறாள் என்று நினைத்து மிஷினை அவள் மிதித்த மிதியில் இரண்டு ஊசிகள் ஒடிந்தன.

நேற்று மதியம் அந்த நாத்தனாரே ஒரு சட்டையைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தாள். ஆணியிலிருந்த சீட்டு அவள் கண்ணில் பட்டது.

"என்ன அண்ணி, பத்தாதுன்னு எழுதியிருக்கீங்க? நாலு கேட்டா நாலு இருந்தா போதுமே."

"ஒட்ட ஒட்ட இருந்தா எப்படி ஓடும்? உன்னோடதுல எட்டு, பத்து இருக்கும். உனக்கென்ன!"

"நல்லா சொன்னீங்க போங்க! என்னோடது உங்களோடதைவிடப் பழசு. அதுலயும் நாலுதான்."

தையல்காரம்மா ஆணியிலிருந்து சீட்டைப் பிடுங்கினாள். நாத்தனார் போனதும் கேமை இறக்கிப் போட்டாள். தடங்கலில்லாமல் ஓடியது. ஒரு மாதத்தைத் தன் கையாலேயே தூக்கி அத்தைக்காரிக்குக் கொடுத்திருக்கிறாள்! பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள்.

சிட்டு வந்தாள். திரையைப் பார்த்துத் துள்ளிக் குதித்தாள்.

"ஐ, ஓடுதா!"

"உட்காருடி கண்ணு." ஸ்டூலைத் தட்டிக் காட்டினாள்.

"இங்கயா? என் தோட்டம் அத்தை கம்ப்யூட்டர்லல்ல இருக்கு! நீ இங்கயே இரும்மா, நாங்க அங்கேருந்து நெட்டுல உன் கேமுக்குள்ள வர்றோம்."

ஸ்டூலில் பையைப் போட்டுவிட்டுப் பறந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் திரையில் இரண்டு பொம்மைகள் வந்து கையசைத்தன. அதில் எது தன் பெண் என்று தையல்காரம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரித் தொப்பி போட்டிருந்தன.