ராத்தாவின் பழ ஈக்களும் நான் கழுவிய தட்டும்

பழ ஈயை விரட்டாத வீடு எங்காவது உண்டா? உண்டு. குண்டசாலையில் நாங்கள் இருந்த வீடு. அங்கே ஈக்களை வளர்த்தோம். கதலிப்பழத்தை எங்களுக்கு முன்னால் அவற்றுக்குத்தான் உரித்தோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

எல்லாம் எனக்கு மூத்தவளான ராத்தாவால் வந்த வினை. பல்கலைக்கழகத்தில் அவளுக்கு அது கடைசி வருடம். ஊழியர்கள் பகிஷ்கரிப்பில் இறங்கி ஆய்வுகூடத்தைப் பூட்டியபோது, இரண்டு போத்தல்களைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். ஒன்றில் பழ ஈ, மற்றதில் எறும்பளவு குளவி. குறித்த நாளுக்குள் ஆய்வறிக்கை கொடுக்காவிட்டால் அந்த வருடம் பட்டம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே வீட்டை மிரட்டினாள். சாப்பாட்டறை அலுமாரி அவளுடையதாயிற்று. உம்மாவின் பீங்கான்கள் கட்டிலுக்கு அடியில் போயின.

எனக்குப் பத்து வயது. உதவியாள் நான்தான், சம்மதமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஈயையும் குளவியையும் விட்ட வலைக்கூண்டுக்குள் இரண்டு சிறு தட்டுகளில் மசித்த பழம் இருக்கும். சிவப்புப் பொட்டு வைத்த தட்டில் மட்டும் ராத்தா கொஞ்சம் ஸ்பிரிட், அதாவது மதுசாரம், கலப்பாள். பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, எந்தத் தட்டில் எத்தனை முட்டை என்று நான் எண்ண வேண்டும். கழுத்து நோகும். புளித்த பழ நாற்றம் மூக்கை விட்டுப் போகாது.

"குளவியக் கண்டா ஈ ஸ்பிரிட் தட்டுலதான் முட்டை போடும்," என்றாள் ராத்தா.

"என்னத்துக்கு?"

"குளவி வந்து ஈயிட புழுவுக்குள்ள தன்ட முட்டைய வெச்சிரும். குளவிக் குஞ்சு உள்ள இருந்தே புழுவத் தின்னும். புழு ஸ்பிரிட்டக் குடிச்சா குஞ்சு செத்துப் போகும், புழு தப்பிரும். உம்மாக்காரி தெரிஞ்சுதான் அங்க போடுறா."

அது நோன்பு மாதம். கண்டி மார்க்கெட்டில் கடை வைத்திருந்த வாப்பா நோன்பு திறக்க வீட்டுக்கு வந்ததும் மூக்கைச் சுருக்குவார்.

"என்ன மணம் இரிக்கி இங்க?"

"எண்ட முழங்கால் தைலம்," என்பார் உம்மா, கஞ்சியைக் கிண்டியபடி, திரும்பிப் பாராமல்.

ராத்தா அலுமாரிக் கதவைச் சாத்துவாள். வீட்டுக்குள் ஸ்பிரிட் என்று தெரிந்தால் வாப்பா கூண்டைத் தூக்கி மழையில் வைத்துவிடுவார். உம்மாவிடம் ராத்தா "மருந்து" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். உம்மா அதை அப்படியே நம்பிவிட்டார் என்று நினைத்து நான் பரிதாபப்பட்டேன்.

அந்த வருடம்தான் அரை நோன்பை விட்டு முழு நோன்பு பிடிக்கத் தொடங்கியிருந்தேன். பக்தி தலைக்கேறியிருந்தது. நோன்பு மாதத்தில், எங்கள் கூரைக்குக் கீழே, பெற்ற பிள்ளைகளுக்கு ஓர் ஈத்தாய் சாராயம் குடிக்கக் கொடுக்கிறாள். நான் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். பொறுக்க முடியவில்லை. அறிக்கைக்கான பெரிய சோதனை தொடங்கிய அன்று, ராத்தா பின்னேர அஸர் தொழுகையில் நிற்கையில், சிவப்புப் பொட்டுத் தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நல்ல பழத்தை மசித்து வைத்துவிட்டேன். எத்தனை புழுக்களைப் பாவத்திலிருந்து காப்பாற்றினேன் என்ற பெருமை வேறு.

மறுநாள் இரண்டு தட்டிலும் முட்டைகள் ஏறக்குறைய சமமாக இருந்தன. ராத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெருநாளை ஒட்டி, சிவப்புப் பொட்டுத் தட்டின் கூட்டுப்புழுக்களிலிருந்து குளவிகளாக வெளியே வந்தன. ஈக்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் ஈயைக் குறை சொன்னாள், பிறகு புத்தகத்தை, கடைசியில் தன்னையே. பெருநாள் வட்டிலாப்பத்தைத் தொடவில்லை. என் பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு அவளிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"ஹராம்தானே ராத்தா. அதுதான் கழுவினேன்."

அவள் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். இன்னொரு தடவை செய்து பார்க்க நாள் மட்டுமட்டாக இருந்தது. ஆனால் ஸ்பிரிட் போத்தல் காலி. இதையெல்லாம் உம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெருநாள் முடிந்து கடைகள் திறந்த அன்றே உம்மா நூல் வாங்கப் போவதாகச் சொல்லி கண்டிக்கு பஸ் ஏறினார். வரும்போது நூல் இல்லை. கடதாசியில் சுற்றிய போத்தல் ஒன்று இருந்தது. அதைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தைலம் முடிஞ்சிட்டுதானே. அதே சாமானா எண்டு பாரு மகள்," என்றார் ராத்தாவிடம். என் பக்கம் திரும்பி, "நீ இனி ஒண்டையும் கழுவ வாணாம்" என்றார்.

ராத்தா கடைசி நாளில் அறிக்கையைக் கொடுத்தாள். அதுவரை வாப்பா வாசலிலேயே மூக்கைச் சுருக்கி, "இன்னும் முழங்கால் சரியில்லையா?" என்று கேட்பார். "இல்ல," என்பார் உம்மா. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறிவரும் அத்தனை படிகளையும் உம்மா நாளுக்கு மூன்று தடவை அரிசியும் தேங்காயுமாக ஏறி இறங்குவார். அந்தப் போத்தலிலிருந்து ஒரு சொட்டைக்கூட அவர் முழங்காலில் பூசி நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. பாவம் உம்மா, அவருக்கு ஒன்றுமே தெரியாது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.